வாலுக்குப் பின்னால்

பெட்டி வந்தது நவம்பரில்,
சவப்பெட்டி நீளம்.
இறக்கிவைத்த கூரியர்காரன்
யாருக்கென்று கேட்கவில்லை,
கேட்டதுபோல் பார்த்தான்.

உள்ளே எண்ணிட்ட பால்சா பலகைகள்,
லேசர் சுட்ட ஓரங்களில் கருகல் வாசனை,
எழுபத்திரண்டு பக்கக் கையேடு.
அதன் முதல் வாக்கியம்: அவசரப்படாதீர்கள்.

வடக்கு டகோட்டாவில் அவசரப்பட்டு எங்கே போவது?
ஏப்ரல் வரை பனி வாசலை அடைத்து நிற்கும்.
சர்க்கரை ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து
பீட்கிழங்கு நாற்றத்தோடு நிலவறைக்கு இறங்குவேன்.
நாளைக்கு ஒரு விலா.
இடது இறக்கைக்குப் பதினெட்டு,
வலதுக்குப் பதினெட்டு.
வலதில் பதினொன்றாம் எண் மட்டும் காணோம்.
பத்தையும் பன்னிரண்டையும் அடுக்கிவைத்து
நடுவே கோடிழுத்து
நானே ஒன்று அறுத்துக்கொண்டேன்.

பழைய இஸ்திரிப் பெட்டியால்
மஞ்சள் உறையைச் சூடாக்க,
சுருங்கி, இறுகி,
விரலால் சுண்டினால் மத்தளம்.

ஒன்பதடி இறக்கை. பன்னிரண்டு கிலோ.
நிலவறையில் அது நின்ற விதம் இப்படி:
வால் வாஷிங் மெஷினில் முட்டிக்கொண்டு,
மூக்கு என்னைப் பார்த்துக்கொண்டு.

கடைசி வாரம் ஒவ்வொன்றாகச் சோதித்தேன்,
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு.
ரேடியோவின் குச்சியை வலப்பக்கம் தள்ளினேன்.
வலப்பக்க மடல் நிமிர்ந்தது.
சரி என்று எழுதித் தேதி போட்டேன்.

முதல் பறத்தலுக்கு என் கை போதாது.
ஆர்வில்லா ட்வெய்ட்டைக் கேட்டேன்.
பல் மருத்துவமனையில்
ஊர் வாயெல்லாம் சுரண்டிச் சுத்தம் செய்கிறவள்;
அந்தக் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை.

ஜூன் ஞாயிறு.
பீட் வயல்களுக்கு நடுவே வழித்த புல்தரை,
மடக்கு நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர்,
காற்றுப்பை பாதி நிமிர்ந்திருந்தது.
"மடல்கள்?" என்றாள்.
"பார்த்தாச்சு."

ஓடியது. நாற்பதடிக்குள்
யாரையும் கேட்காமல் தரையை விட்டது.
அந்த ஒரு நொடி என்னுடையது,
அதை யாரும் பிடுங்க முடியாது.

பிறகு இடது இறக்கை சாய்ந்தது.
அவள் வலப்பக்கம் தள்ளினாள்.
இன்னும் சாய்ந்தது.

கட்டைவிரலைக் குச்சியிலிருந்து எடுத்துவிட்டாள்,
சூடான தட்டைத் தொட்டவள்போல.
சுக்கானை மட்டும் பிடித்து
அகலமாக, மிக அகலமாக
ஒரு வட்டத்தில் அதைக் கூட்டிப்போனாள்.

"மெனுவில் ஒரே பொத்தான்தான்!"
கிளிண்டன் ஹாவ்லாண்ட் நாற்காலியிலிருந்து கத்தினான்.
"நான் மெனுவைப் பார்த்தால்
அதை யார் பார்ப்பது?"

என்னிடம், திரும்பாமலே:
"எதிரில் நின்றுதானே சோதித்தாய்?"
எனக்கு வாய் எழவில்லை.

அவள் நடக்க ஆரம்பித்தாள்.
ஓடுபாதை நெடுக, அண்ணாந்தபடி,
கடைசிப் புல்லையும் தாண்டி
பீட் இலைகளுக்குள் கணுக்கால் புதைய நின்று
திரும்பினாள்.

முகத்துக்கு நேரே வரும் விமானத்துக்கு
இடமும் வலமும் புரண்டுவிடும்.
புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லாம்
அங்கேதான் உடைப்பார்கள்.
நானோ முன்பே ஒருமுறை புரட்டிவைத்திருந்தேன்.
இரண்டும் சேர,
அவள் வலம் என்றால் அவளுக்கு வலம் வந்தது.

யாரும் செய்யக் கூடாத காரியம்:
பன்னிரண்டு கிலோவைத் தன் நெஞ்சுக்கு நேரே
இறக்கிக்கொண்டு வந்தாள்.
சக்கரம் தொட்டது, துள்ளியது, தொட்டது,
புல்லைச் சீவிக்கொண்டு ஓடி
அவளிடமிருந்து நாலு எட்டில் நின்றது.
எஞ்சினை அணைத்தாள்.
அப்போதுதான் வானம்பாடி ஒன்று
அவ்வளவு நேரமும் கத்திக்கொண்டிருந்தது கேட்டது.

"நன்றாகத்தான் கட்டியிருக்கிறாய்," என்றாள்,
காலுறையில் சேற்றைத் தட்டியபடி,
"எதிரே நின்று."

அன்றிரவு நிலவறையில்
அந்த ஒரே பொத்தானை அழுத்தினேன்.
ஆனாலும் பின்னால் நின்று பார்க்காமல்
தூக்கம் வராது.
வாஷிங் மெஷினை இரண்டடி நகர்த்தினேன்,
குழாயும் வயரும் இழுபட.

அடியில், தூசி போர்த்தி,
ஒரு சிறுவனின் காலுறையும்
பதினொன்றாம் விலாவும்.